மஞ்சச் சட்டையைக் கழட்டினா துரோகியா?

டிஸ்கி: நான் 2008லேருந்து சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகன். ரெண்டு வருஷம் டீமைத் தடை பண்ணி வெச்சிருந்தப்பவும் கட்சி மாறாத ஆள். அதனால இதைப் படிச்சுட்டு "நீ எந்த ஊர் ரசிகன்டா"ன்னு யாரும் கேக்க வேணாம். அடிக்கறதா இருந்தா வரிசையில வாங்க :-)

2025 நவம்பர் 15. மூணாவது சனிக்கிழமை, அதனால பேங்க் உண்டு. வேலையை முடிச்சுட்டு நிலம்பூர் ஜெட்டிக்கு டீ குடிக்கப் போனேன். சுண்ணாம்புக் குகை பார்க்க வந்த டூரிஸ்ட் கூட்டமெல்லாம் கான்வாயைப் பிடிக்கக் கிளம்பியாச்சு. அந்த நேரத்துக்கு அப்புறம் பாராடாங்ல சத்தம்னு ஒண்ணு இருந்தா அது நம்ம டீக்கடை அண்ணன் போடுற சத்தம்தான். கமுதிப் பக்கம். இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கப்பல் ஏறி வந்தவர். கடையில பாய்லருக்கு மேல முருகன் காலண்டர், அதுக்குப் பக்கத்துல ஜடேஜா படம். 2023 ஃபைனல்ல கடைசி ரெண்டு பந்துல பத்து ரன் வேணும்னு இருந்தப்ப ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர் அடிச்சாரே, அன்னைக்கு ஒட்டின படம்.

நான் போனப்ப அந்தப் படத்தை நகத்தால சுரண்டிக்கிட்டு இருந்தார்.

"என்னண்ணே?"

"துரோகி சார். காசுக்காகப் போயிட்டான்."

செய்தி உங்களுக்குத் தெரியும். ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் ராயல்ஸுக்கு, சஞ்சு சாம்சன் சென்னைக்கு. ஐ.பி.எல். பாஷையில டிரேடு. பண்டமாற்றுன்னு நம்ம பி.காம். முதல் வருஷத்துல படிச்சது.

நான் கேட்டேன், "அண்ணே, சென்னையில அவருக்கு எவ்வளவு?" பதினெட்டு கோடி. "ராஜஸ்தான்ல?" பதினாலு கோடி. நாலு கோடி கம்மிக்குப் போன ஆள் எப்படிண்ணே காசுக்காகப் போனவர் ஆவார்? அண்ணன் ஒரு நிமிஷம் யோசிச்சார். "அப்ப பதவிக்காகப் போயிருப்பான்"னார். துரோகின்னு முடிவு பண்ணியாச்சு, காரணம்தான் பாக்கி.

"சரி, சஞ்சு?" "அது தங்கமான புள்ள சார்."

இங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. சஞ்சுவும் வருஷக்கணக்கா இருந்த டீமை விட்டுட்டுத்தானே வர்றார்? கேப்டனா வேற இருந்தார். அங்கேருந்து இங்க வந்தா தங்கம், இங்கேருந்து அங்க போனா துரோகி. இது என்ன கணக்கு மக்களே? ஒரே வவுச்சரை ரெண்டு லெட்ஜர்ல ரெண்டு விதமா எழுதுறதுக்குப் பேரு விசுவாசமா?

கொஞ்சம் பின்னாடி போவோம். இதே ஜடேஜா 2008ல முதல் ஐ.பி.எல். கோப்பையை வாங்கினது ராஜஸ்தான்ல. 2010 சீசன் முழுக்க அவர் ஆடலை. காயம் எல்லாம் இல்லை. ராஜஸ்தானோட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காம வேற டீமோட நேரடியாப் பேசினார்னு ஒரு வருஷம் தடை. சம்பளம் அதிகம் தர்ற வேற இடத்துல பேசிப் பார்த்தார், அவ்வளவுதான். நம்மள்ல எத்தனை பேர் ஒரு கம்பெனியில உக்காந்துக்கிட்டே இன்னொரு கம்பெனிக்கு பயோடேட்டா அனுப்பியிருக்கோம்? துபாய்லயும் சிங்கப்பூர்லயும் உக்காந்து இதைப் படிக்கிறவங்க நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. அதுக்கு ஒரு வருஷம் வேலைக்கே போகக் கூடாதுன்னா எப்படி இருக்கும்?

2012ல சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் அவருக்கு இருபது லட்சம் டாலர் வரைக்கும் ஏறி, அதுக்கு மேல ஏலத்துல போக முடியாதுன்னு மூடின கவர்ல ரகசியத் தொகை எழுதிக் கொடுத்து சென்னை ஜெயிச்சுது. எந்த ஊருக்குப் போகணும்னு அந்த ஆளை யாராவது கேட்டாங்களா? ஏலத்துல மாட்டைக் கேக்குற வழக்கம் உண்டா என்ன.

வெளிநாட்டு விளையாட்டுல ஃப்ரீ ஏஜென்ட்னு ஒரு விஷயம் உண்டு. ஒப்பந்தம் முடிஞ்சா ஆட்டக்காரன் சுதந்திரமான ஆள். யார் கூப்பிட்டாலும் போகலாம், பழைய கிளப்புக்கு அஞ்சு பைசா தர வேண்டாம். இதுவும் சும்மா கிடைச்சது இல்லை. பெல்ஜியத்துல ஜான் மார்க் போஸ்மன்னு ஒரு கால்பந்துக்காரர். 1990ல லீஜ் கிளப்போட அவர் ஒப்பந்தம் முடிஞ்சுது. பிரான்ஸ்ல டன்கெர்க் கிளப் கூப்பிட்டுது. ஒப்பந்தமே முடிஞ்ச ஆளுக்கு லீஜ் பணம் கேட்டு அனுப்ப மாட்டேன்னுச்சு, சம்பளத்தையும் வெட்டிச்சு. மனுஷன் கோர்ட்டுக்குப் போனார். 1995 டிசம்பர்ல ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொல்றதுக்குள்ள அவரோட ஆடுற வயசு போயிடுச்சு. இன்னைக்கு கோடிகோடியா வாங்குற கால்பந்துக்காரங்க எல்லாரும் அந்த ஆளுக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுக்கணும்.

ஐ.பி.எல்.ல அது கிடையாது. கிளப் வேணும்னா தக்க வெச்சுக்கும், வேணாம்னா ஏலத்துல தள்ளும். ஏலத்துல எந்தக் கை கடைசியா மேல நிக்குதோ அந்த ஊர் வெயில்ல ஆடணும். இந்தப் பக்கம் கதவே இல்லாத வீட்டுல இருக்குறவனைப் பார்த்து "ஏன்டா வெளிய போனே"ன்னு கேக்குற கூத்து நம்ம ஊர்லதான் நடக்கும்.

கிளப் பக்கம் கதவு நல்லாத் திறக்கும். 2022 பிப்ரவரி ஏலம் ஞாபகம் இருக்கா? சுரேஷ் ரெய்னா. சின்ன தல. ஐ.பி.எல்.ல முதன்முதலா அஞ்சாயிரம் ரன் தொட்டவர். அடிப்படை விலை ரெண்டு கோடி. பேர் சொன்னாங்க. யாரும் கையைத் தூக்கலை. சென்னையும் தூக்கலை. நான் அன்னைக்கு மொபைல்ல பார்த்துக்கிட்டு இருந்தேன், நெட்டு தொங்கிப் போச்சோன்னு நினைச்சேன். தொங்கலை, மேசையில உக்காந்திருந்தவங்கதான் அசையலை. அப்புறம் கிளப் தரப்புல ஃபார்ம், அணி அமைப்புன்னு விளக்கம் வந்துது. 2021ல ரெய்னா ஃபார்ம்ல இல்லைங்கறது உண்மைதான், நான் மறுக்கலை. அதே ஏலத்துல ஃபாஃப் டு பிளெஸ்ஸி. 2021ல 633 ரன் எடுத்து, ஆரஞ்சு தொப்பியை ரெண்டே ரன்னுல கூட ஆடின ருதுராஜ் கிட்ட விட்ட ஆள். ஏழு கோடிக்குப் பெங்களூர் கொண்டு போச்சு. அவருக்கு ஃபார்ம் இல்லைன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதுக்கு வேற காரணம், பட்ஜெட். சரி, அதையும் ஒத்துக்கறேன். ஒரு பேங்க்காரன் பட்ஜெட்டைக் குத்தம் சொல்ல முடியுமா?

என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. கிளப் போகச் சொன்னா அது 'அணி அமைப்பு'. ஆட்டக்காரன் போறேன்னா அது 'துரோகம்'. எப்படி? 2016லயும் 2017லயும் சென்னை டீம் தடையில கிடந்தப்ப ரெய்னாவும் ஜடேஜாவும் குஜராத் லயன்ஸ்ல ஆடினாங்க, தோனியும் அஸ்வினும் புனேல ஆடினாங்க. கம்பெனி ஷட்டர் இறங்கினதுக்கு அவங்க காரணம் இல்லை. ஊர் ஊராப் போய்ப் பொழைச்சாங்க. அதுல பாதிப் பேர் 2018ல திரும்பி வந்து கோப்பையும் வாங்கிக் கொடுத்தாங்க. அப்ப எந்த டீக்கடையிலயும் யாரும் துரோகம்னு பேசலை.

கிரிக்கெட்டை விடுங்க. நம்ம சென்னையிலயே நிஜமான ஃப்ரீ ஏஜென்ட் கதை ஒண்ணு நடந்துது, கால்பந்துல. சென்னையின் எஃப்.சி. 2019-20 சீசன்ல லிதுவேனியாக்காரர் வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கினார். தட்டுத் தடுமாறிக் கிடந்த டீமை நடுவுல வந்து ஓவன் கோய்ல் ஃபைனல் வரைக்கும் இழுத்துட்டுப் போனார். 2020 மார்ச் 14, கோவா, கொரோனாவால ஆளே இல்லாத ஸ்டேடியம், ஏ.டி.கே. கிட்ட 3-1 தோல்வி. அடுத்த சீசனுக்குள்ள கோய்ல் ஜாம்ஷெட்பூர் போயிட்டார். பின்னாடியே வால்ஸ்கிஸும் போயிட்டார். 2020-21ல சென்னையின் மொத்தமா 20 ஆட்டத்துல போட்ட கோல் எத்தனை தெரியுமா? பதினேழு. முந்தின சீசன்ல ஒரு தனி ஆள் பதினஞ்சு போட்ட இடத்துல! எட்டாவது இடம்.

அப்ப என் தூரத்துச் சொந்தக்காரப் பையன் ஒருத்தன், தீவிரச் சென்னையின் ரசிகன், ஃபோன்ல வால்ஸ்கிஸைத் திட்டின திட்டு இங்க எழுத முடியாது. நான் கேட்டேன், "தம்பி, அவன் போனது தப்பா, அவன் போனா கோல் போட ஆள் இல்லாத மாதிரி கடை நடத்தினது தப்பா?"

இந்த இடத்துல என் தொழில் புத்தியைக் கொஞ்சம் காட்டிக்கறேன், பொறுத்துக்கோங்க. எந்த பேங்க் கிளையிலயும் பெட்டகத்தை ஒரு ஆளால திறக்க முடியாது. சாவி ரெண்டு, ஆளும் ரெண்டு. நான் யோக்கியன் இல்லைன்னு அதுக்கு அர்த்தம் இல்லை. நாளைக்கு நான் ஜுரத்துல படுத்தாலும், மாற்றலாகிப் போனாலும், பஸ்ல அடிபட்டாலும் ஜனங்க பணம் ஜனங்களுக்குக் கிடைக்கணும். ஒரு ஆபீசர் மாற்றலாகிப் போறப்ப ரிலீவிங் ஆர்டர், சார்ஜ் கொடுக்கறது, ரொக்கத்தை எண்ணி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுறது எல்லாம் உண்டு. மறுநாள் காலையில பத்து மணிக்குக் கவுன்டர் திறந்தாகணும். "எங்க ஆபீசர் துரோகம் பண்ணிட்டுப் போயிட்டார், அதனால இன்னைக்குப் பணம் கிடையாது"ன்னு போர்டு மாட்ட முடியுமா?

ஒரு கிளப் தன்னோட ரெண்டு சாவியையும் ஒரே ஆள் இடுப்புல சொருகி வெச்சுட்டு, அவன் போனப்புறம் தலையில அடிச்சுக்கிட்டா அது நிர்வாகத்தோட ஆடிட் குறை. ஆட்டக்காரன் மேல எழுதக் கூடாது.

போனவனை வெச்சு ஒப்பாரி வெக்காம வேலையைப் பார்த்த கிளப்பும் உண்டு. அமெரிக்காவுல ஓக்லேண்ட் பேஸ்பால் டீம், மனிபால் படம் பார்த்திருப்பீங்க. 2001 சீசன் முடிஞ்சதும் ஜியாம்பி, டேமன், இஸ்ரிங்ஹாசன்னு மூணு பெரிய தலை ஒரே நேரத்துல ஃப்ரீ ஏஜென்டாப் போனாங்க. ஜியாம்பியைத் தூக்கினது நியூயார்க் யாங்கீஸ், சம்பளப் பட்டியல் ஓக்லேண்டைப் போல மூணு மடங்குக்குக் கிட்ட. 2002ல ரெண்டு டீமும் ஆளுக்கு 103 ஆட்டம் ஜெயிச்சாங்க. படத்துல காட்டாத ஒண்ணையும் சொல்லணும், ஓக்லேண்ட்கிட்ட அப்ப மூணு அருமையான பந்து வீச்சாளர்கள் பாக்கி இருந்தாங்க. அதான் நான் சொல்ற ரெண்டாவது சாவி.

இதுக்கு நேர் எதிர் கிளீவ்லேண்ட். 2010ல லெப்ரான் ஜேம்ஸ் ஒப்பந்தம் முடிஞ்சு மயாமிக்குப் போறேன்னு டி.வி.யில உக்காந்து சொன்னார். சொன்ன விதம் எனக்கே பிடிக்கலை, ஊரைக் கூட்டி வெச்சு விவாகரத்து அறிவிக்கிற மாதிரி. ஆனா கிளப் முதலாளி டான் கில்பர்ட் அன்னைக்கு ராத்திரியே ஒரு கடிதம் போட்டார், துரோகம் கோழைத்தனம்னு. நீ கோப்பை வாங்கறதுக்கு முன்னாடி நாங்க வாங்குவோம்னு சத்தியம் வேற. தெருவுல ரசிகர்கள் அவர் சட்டையை எரிச்சாங்க. லெப்ரான் 2012லயும் 2013லயும் மயாமியில கோப்பை வாங்கினார். கிளீவ்லேண்ட் தரையில கிடந்துது. 2014ல யார் யாரைத் தேடிப் போனாங்கன்னு நினைக்கிறீங்க? அதே முதலாளி மயாமிக்கு விமானம் ஏறிப் போய் லெப்ரானைப் பார்த்துப் பேசினார். அந்த மனுஷனும் திரும்பி வந்து 2016ல கோப்பை வாங்கிக் கொடுத்தார். எரிச்ச சட்டையைத் திரும்பக் காசு கொடுத்து வாங்கியிருப்பாங்க, கிளப்புக்கு ரெட்டை வருமானம்.

நம்ம ஊர்ல ஹர்திக் பாண்டியா. குஜராத்தை 2022ல கோப்பைக்கும் 2023ல ஃபைனலுக்கும் கொண்டு போனவர், மும்பைக்குத் திரும்பினார். 2024ல அகமதாபாத்லயும் ஊளை, மும்பையிலயும் ஊளை. போன இடமும் திட்டுது, வந்த இடமும் திட்டுது. ஜூன் 29ஆம் தேதி உலகக் கோப்பை ஃபைனல்ல கடைசி ஓவர் போட்டு ஜெயிச்சுக் கொடுத்தார். ஜூலை 4ஆம் தேதி அதே வான்கடேயில அதே கூட்டம் ஹர்திக் ஹர்திக்னு கத்துச்சு. என்னத்தச் சொல்ல!

ஏன் இவ்வளவு சூடாறேன்னு கேப்பீங்க. சொல்றேன்.

நான் விருதுநகர்க்காரன். பாராடாங் போஸ்டிங்கை நானாக் கேட்டு வாங்கினேன். இங்க வந்தா அலவன்ஸ் கூட, மூத்தவ காலேஜ் ஃபீஸுக்கு ஆகும். கிளம்புறதுக்கு முதல் நாள் என் சித்தப்பா வீட்டுத் திண்ணையில உக்காந்துக்கிட்டு எல்லார் முன்னாடியும் சொன்னார்: "காசுக்காக ஆத்தாளை விட்டுட்டுப் போறான் பாரு." அம்மா ஒண்ணும் சொல்லலை. முறுக்கு டப்பாவைத் துணியில சுத்திக்கிட்டு இருந்தா. சித்தப்பா பையன் நாலு வருஷமா கத்தார்ல இருக்கான், அது மட்டும் 'பொழைப்பு'. வெளியூர்ல இருக்குற நாம எல்லாரும் ஏதோ ஒரு திண்ணையில இந்த வார்த்தையை வாங்கிக் கட்டிக்கிட்டு வந்தவங்கதான். வாங்கின அடியை மறந்துட்டு, சனி ஞாயிறு மேட்ச் பார்க்கறப்ப அதே வார்த்தையை எடுத்து இன்னொருத்தன் மேல எறியறோம்.

பழைய கிளையில எனக்கு நல்லாத்தான் அனுப்பி வெச்சாங்க. ஒரு சால்வை, ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர். வாட்ச்மேன் வரைக்கும் ரெண்டு வார்த்தை பேசினாங்க. பத்து நிமிஷ வேலை. அந்த டிபன் கேரியர்லதான் இப்பவும் மத்தியானம் சாப்பிடறேன். அந்தக் கிளை மேல இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

இப்ப நம்ம ஊர் டீமுக்கு வர்றேன், இதை எழுத உக்காந்ததே அதுக்குத்தான். இங்க பசங்க ஒரு கால்பந்து டீம் வெச்சிருக்காங்க. ராஞ்சிப் பசங்க, பெங்காலி, தெலுங்கு, நம்ம ஆளுங்க, எல்லாரும் கலந்து. எந்த ஊர்லயும் பேங்க் ஆபீசர் வந்து சேர்ந்ததும் கழுத்தைப் பிடிச்சுப் பொருளாளர் ஆக்கிடுவாங்க இல்லையா, அப்படி நான் பொருளாளர். டீமோட நட்சத்திரம் ஒரு ராஞ்சிப் பையன். இடது கால் அவ்வளவு சுத்தம். அவன் போன வருஷம் போர்ட் பிளேயர்ப் பக்கம் (2024லேருந்து ஸ்ரீ விஜயபுரம்னு பேரு, வாய்க்கு இன்னும் வரலை) ஒரு டீமுக்கு ஆடப் போயிட்டான். அவங்க ஒரு தினக்கூலி வேலையும் சேர்த்துக் கொடுத்தாங்க. அப்பா இல்லாத பையன். தங்கச்சி படிக்குது.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தான். கிரவுண்டுக்குப் பந்து உதைக்க வந்தவனை உள்ள விடலை. நேத்து வரைக்கும் தோள்ல தூக்கிக்கிட்டுப் போன பசங்க, எல்லைக் கோட்டுல நின்னு மறிச்சாங்க. அவன் ஒண்ணும் சண்டை போடலை. ஷூவைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு போயிட்டான். கமிட்டியில நான் பேசினேன். "சார், உங்களுக்கு இந்த ஊர் டீம் பத்தித் தெரியாது, நீங்க மூணு வருஷத்துல மாற்றலாகிப் போற ஆளு"ன்னு ஹிந்தியில ஒருத்தர் வாயை அடைச்சார். ஓட்டெடுப்பு. பதினொண்ணுக்கு ரெண்டு. என் கூட நின்ன இன்னொரு ஆள் யார்னா நம்ம கமுதி அண்ணன், அதே ஜடேஜா படத்தைச் சுரண்டினவர்! உள்ளூர்ப் பையன்னா மனசு வேற மாதிரி வேலை செய்யுது போல.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து டீமோட கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டினேன். எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினதும் சேர்த்து நாலு வருஷக் கணக்கு. ஜெர்சி, மைக் செட், ஷாமியானா, கோப்பை, சீஃப் கெஸ்டுக்கு மாலை, ஜெயிச்ச அன்னைக்கு பிரியாணி, தோத்த அன்னைக்கும் பிரியாணி. நாலு வருஷத்துல அந்தப் பையன் பேர் மொத்தம் ஒரே ஒரு தடவை வருது. முட்டியில அடிபட்டு போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப பஸ் காசு கொடுத்திருக்காங்க. கொடுத்த காசைத் திரும்ப வாங்கினதா மறு மாசம் வரவுல எழுதியிருக்கு. ஷூ அவன் சொந்தக் காசுல வாங்கினது.

இந்த நோட்டை வெச்சுக்கிட்டுத்தான் அவன்கிட்ட விசுவாசம் கேட்டிருக்கோம்.

கமிட்டி மறுபடியும் கூடுது, வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. அந்தப் பையன் மேல இருக்குற தடையை எடுக்கணும், அடுத்த தடவை அவன் ஊருக்கு வர்றப்ப கிரவுண்டுலயே ஒரு சால்வை போர்த்தணும்னு எழுதிக் கொடுத்திருக்கேன். கூடவே இன்னொண்ணு: இனிமே வசூல் ஆகுற பணத்துல ஒரு பங்கை ஆட்டக்காரங்க ஷூவுக்கும் வைத்தியத்துக்கும் தனியா எடுத்து வைக்கணும், பிரியாணி அதுக்கு அப்புறம்தான். சால்வைக் காசு நான் தர்றேன்னு அண்ணன் சொல்லியிருக்கார். பாய்லருக்கு மேல இப்ப சஞ்சு சிரிச்சுக்கிட்டு இருக்கார், அதைப் பத்தி நான் பேச்சே எடுக்கலை.

மறுபடியும் பதினொண்ணுக்கு ரெண்டுன்னு வந்தாலும் வரும். நோட்டைக் கையோட எடுத்துட்டுப் போறேன். அந்த பஸ் காசு வரியை ஹிந்தியில சத்தமாப் படிச்சுக் காட்டப் போறேன்.